இருக்கைக் கணக்கு

இருக்கை ஒன்றுக்கு, மாதம் ஒன்றுக்கு, இவ்வளவு
என்கிறது விலைப்பட்டியல்.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
அதைத் தொட்டால் வேறொரு பக்கம்,
அங்கே இன்னும் இரண்டு நட்சத்திரங்கள்.

சிலோயே தீவில் ஆகஸ்ட் மழை
மூன்று நாளாகத் தகரத்தை விடவில்லை.
எப்போதோ ஒருமுறை
பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிக் கொடுத்தேன்.
அந்தப் பாவத்துக்கு
கூட்டுறவின் கணினிக் காரியமெல்லாம் என் தலையில்.

நாங்கள் சிப்பி வளர்க்கிறோம்.
கடலில் மிதவை, மிதவையில் கயிறு,
கயிற்றில் சிப்பி, நாங்கள் முப்பத்தேழு பேர்.
உட்கார்ந்து வேலை செய்வது இருவர்:
கணக்கெழுதும் நானும் மேலாளர் விளாதிமிரும்.
மற்றவர்கள் நிற்கிறார்கள்,
படகில், தராசில், கொதிகலன் வாயில்,
கணுக்கால் வரை ஐஸ் தண்ணீரில்.

ஓர்ஃபெலினாவிடம் போய்க் கேட்டேன்:
"உனக்கு ஓர் இருக்கை வாங்கட்டுமா?"
கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:
"பதினாறு வருஷமா கேக்கறேன்.
இப்பவாவது கண்ணு தெறந்துச்சே."

எப்படி விளக்குவது?

அடிப்படை. தொழில். தொழில் கூடுதல்.
பெயர் மாறிய பழைய தொழில், புதுப்பிப்பவர்க்கு மட்டும்.
கடைசியில் பாதி விலைக்கு
மேசை இல்லாதவர்களுக்கென்று ஒரு திட்டம்.
அதில் செய்தி படிக்கலாம், பதில் போடலாம்,
கூட்டத்துக்கு வரலாம்.
கூட்டத்தைக் கூட்ட முடியாது.

எங்கள் விதிப்புத்தகம், ஏழாம் பிரிவு:
எந்த மூன்று உறுப்பினரும் சேர்ந்து
எப்போது வேண்டுமானாலும் கூட்டம் கூட்டலாம்.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தேன்.
உரிமம் உரிமையைக் கடித்துக்கொண்டிருந்தது.

உதவி எண்ணை அழைத்தேன்.
நாற்பது நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு மெதெயினிலிருந்து யாதிரா என்றொரு குரல்.
"படகில் ஒரே ஒரு டேப்லெட்.
எலியேசெர் விடியலில் தொடுவான், மத்தியானம் அவன் மச்சான்,
ராத்திரி காவல்காரர்.
அது ஒரு பயனரா, மூன்று பயனரா?"
"ஆளைப் பொறுத்தது, மேடம், கருவியைப் பொறுத்ததல்ல."
"கையுறை போட்டுத் தொட்டால்?"
அவள் சிரித்துவிட்டாள்.
பின்னால் ஒரு நாய் குரைத்தது.
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"எனக்கும் அந்த மேசையில்லாத் திட்டம்தான்.
உங்களை வேறொருவருக்கு மாற்றிவிட மட்டும் முடியும்."
மாற்றினாள்.
மீண்டும் புல்லாங்குழல்.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில், பொதுக்குழு.
விலைப்பட்டியலை உரக்கப் படித்தேன்,
நட்சத்திரங்களையும் விடாமல்.
முப்பத்தேழு முழு இருக்கைக்குப் போனால்
புது மிதவைகளுக்கு வைத்த பணம் கரையும்.
"ஒன்று வாங்கு, முறை வைத்துக்கொள்வோம்,
பம்பு துடைக்கிற மாதிரி" என்றான் எலியேசெர்.
தொண்ணூறு நாளுக்கு ஒருமுறைதான்
ஆளை மாற்றலாம் என்றேன்.
"சிப்பி முற்ற ஒன்றரை வருஷம் காக்கிறோம்,
இதற்கென்ன" என்றது ஒரு பின்வரிசை.
கைகள் உயர்ந்தன. எண்ணினேன்.
விளாதிமிரின் கை காதைச் சொறிவதுபோல் உயர்ந்தது.
அதையும் எண்ணிக்கொண்டேன்.

சீட்டு விழுந்தது ஓர்ஃபெலினாவுக்கு.

செவ்வாய் காலை என் அறைக்கு வந்தாள்,
ஈர ஏப்ரனோடு, நின்றபடியே
கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள்.
வருக, என்றது திரை.
எழுத்தெழுத்தாக ஏதோ தட்டிவிட்டு
சிப்பி வெட்டப் போய்விட்டாள்.

முப்பத்தேழு பேருக்கும் அழைப்பு வந்தது.
நாள்: வெள்ளி. இடம்: வெட்டுக் கொட்டகை.
பொருள்: நாற்காலி.

மதியத்துக்குள் முப்பத்தாறு 'ஆம்'.
விளாதிமிர் அடுத்த அறையில்தான் இருந்தார்,
அவருடைய நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது.
மாலை ஐந்தரைக்கு
'ஒருவேளை' என்று அழுத்தினார்.