சட்டை, ஐந்து பொத்தான்

பதினோராவது வளைவுக்குள் போனது நினைவிருக்கிறது.
வெளியே வந்தது இல்லை.
நடுவே பத்தொன்பது நாள்.
அவற்றைப் பிறரிடம் கேட்டுத்தான் வாங்கினேன்,
ஓடிய வண்டி வாங்குகிறவன்
கதவு கதவாய்த் தட்டிப் பார்ப்பதுபோல.

ஹெல்மெட் உடையவில்லையாம்.
உள்ளே இருந்ததுதான்
முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை
மோதித் திரும்பியிருக்கிறது,
கிண்ணத்து லபன் போல.
டாக்டர் மர்யம் சொன்ன உவமை.
அன்றிலிருந்து நான் லபன் குடிப்பதில்லை.

சல்மாபாத் பட்டறையில் வாரமெல்லாம்
ஊரார் வண்டிக்குப் பிரேக் மாற்றுவேன்.
வெள்ளிக்கிழமை மட்டும் என்னுடையது:
ஸகீர் ஓடுதளம், இரவல் டயர்,
கடனில் வாங்கிய சிவப்பு வண்டி.
ஒரு சுற்று இரண்டு நிமிடம் இருபது வினாடி.
அதில் அரை வினாடி குறைக்க
ஒரு வருடம் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

ரொவேனா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாள்.
தெரியும் எனக்கு. கையில் அதன் குளிர் கூடத் தெரியும்.
சாவி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
சாவு என்று வந்தது.
சுலைஹா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
ரொவேனாவுக்குத் தமிழ் தெரியாது.
கைதட்டினாள்.
தாளில் எழுதினாள்:
இன்று முதல் சொல்.

தொபியாஸ் மாலையில் வருவான்,
நகத்தில் கிரீஸோடு.
எட்டு வருடம் சுவரோரம் நின்று
என் நேரத்தைப் பிடித்தவன்.
ஆறுதல் சொல்லத் தெரியாது அவனுக்கு.
பையிலிருந்து அதே ஸ்டாப்வாட்ச்சை எடுத்தான்.
"போடு அண்ணே சட்டையை" என்றான்.

பொத்தான் இருக்கிறது, ஓட்டை இருக்கிறது,
இரண்டுக்கும் நடுவே என் விரல்
வேறு யாருடையதோ மாதிரி நிற்கிறது.
மூன்றாவது பொத்தானில் வியர்த்தேன்.
நாலாவதில் அழுதேன்.
அவன் பொத்தானை நிறுத்தவில்லை,
வாட்ச்சையும் நிறுத்தவில்லை.
எண்ணெய்க் கறை பிடித்த அந்தப் பழைய நோட்டில்
ஸகீர், ஸகீர், ஸகீர் என்ற வரிசைக்கு அடியில்
கோடுகூடப் போடாமல் எழுதினான்:
சட்டை, ஐந்து பொத்தான். 11:40.

வீட்டுக்குப் போன நாளில் சுலைஹா ஓட்டினாள்.
கல்யாணத்துக்குப் பிறகு
அவளுக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்தது அன்றுதான்.
சித்ரா பாலத்தில் நாற்பதில் போனாள்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
என் வலது கால் வெறும் மிதியடியை
மிதித்துக்கொண்டே வந்தது.
அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த சிக்னலில்
கொஞ்சம் சீக்கிரமே பிரேக் போட்டாள், எனக்காக.

இரவில் கண்ணை மூடி ஒரு சுற்று போவேன்.
முதல் வளைவில் மணல் பறக்கும்.
நாலில் காற்று பக்கவாட்டில் தள்ளும்.
பத்தில் முன்சக்கரம் பூட்டப் பார்க்கும்.
பதினொன்றில் படம் அறுந்துவிடும்.
மறுபடி முதல் வளைவு, மறுபடி மணல்.
அங்கே ஒருவன் இன்னும்
உள்ளே போய்க்கொண்டேயிருக்கிறான்.
அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதம். 1:58.
தொபியாஸ் நோட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்:
"ஓடுதளத்தில்கூட இது வரலியே அண்ணே!"
இருவரும் சிரித்தோம்,
எனக்கு இடது ஓரம் மட்டும் சற்றுத் தாமதமாக.

சுலைஹா சிரிக்கவில்லை.
சாவி எங்கே இருக்கிறது என்று
இதுவரை அவள் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
அந்தச் சொல் இப்போது சரியாக வருகிறது,
கேட்டால் கிடைத்துவிடுமோ என்றுதான்.

இன்று வெள்ளி.
தெற்கிலிருந்து காற்று.
ஓடுதளச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது,
எனக்குக் கேட்கிறது.
சட்டையை எடுத்தேன்.
தொபியாஸ் பைக்குள் கைவிட்டான்.
"இன்று வேண்டாம்" என்றேன்.
இரண்டு பொத்தான் போட்டுவிட்டு
ஜன்னலோரம் நின்றேன்.
மூன்றாவதை
எப்போதாவது போட்டுக்கொள்ளலாம்.