ஒன்றரை மில்லிமீட்டர்

ஏழாம் பாலத்துக்கு முன்னால்
தண்டவாளம் வளைந்திருக்கிறதென்று
வாக்கிடாக்கியில் சொன்னேன்.
தொத்தோரி போகிற காலை வண்டி
முந்நூறு பேரோடு
கடலைப் பார்த்தபடி நின்றது,
நாற்பத்தாறு நிமிடம்.

அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள்.
இரும்பு நேராகத்தான் கிடந்தது.
கோணல் என் கண்ணில்.

முப்பத்தொரு வருடம்
ஒன்றரை மில்லிமீட்டர் பிசகைக்கூட
நடந்தபடியே பிடித்த கண் அது.
மேலாளர் ஓமுரோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கீழே விழுந்திருந்த என் தொப்பியை
பனி துடைத்துக் கொடுத்தார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோபே மருத்துவமனையில் ஒரு தாள் தந்தார்கள்.
கட்டம் கட்டமாகக் கோடுகள்,
நடுவில் ஒரு புள்ளி இருப்பதாகச் சொன்னார்கள்.
"எப்படித் தெரிகிறது, மகிஹாரா அவர்களே?"
ஈரத்தில் உப்பிய தத்தாமிப் பாய் மாதிரி என்றேன்.
எந்தப் புள்ளி என்று கேட்டேன்.

எதைப் பார்க்க நினைக்கிறோமோ
அதை மட்டும் எடுத்துக்கொண்டு
சுற்றியுள்ளதை விட்டுவைக்கிற நோய்.
கடிகாரம் தெரியும், முள் தெரியாது.
மீன் தெரியும், முள் தெரியாது.
இரண்டாவது முள்ளைத்
தொண்டைதான் கண்டுபிடித்தது.

கூந்தல் தெரியும், கழுத்து தெரியும்,
த்சுயாகோ தெரியமாட்டாள்.
அவள் முகம் வேண்டுமென்றால்
அவள் காதைப் பார்க்க வேண்டும்.
"என் பின்னால் யார் நிற்கிறார்கள்?" என்று
முதல் நாள் திரும்பிப் பார்த்தாள்.
பிறகு கேட்கவில்லை.
அறுபத்திரண்டு வயதில்
முதல்முதலாக ஒரு ஜோடி தோடு வாங்கிக்கொண்டாள்.

மேல்கையில் மிளகளவு தோல் எடுத்தார்கள்.
வெயிலும் கிரீஸும் தின்று மீந்த தோல்.
அதன் செல்களை
எதுவாகவும் ஆகலாம் என்றிருந்த
அந்தப் பழைய நாளுக்கு ஓட்டிப் போய்
அங்கே தடம் மாற்றி
விழித்திரைப் பக்கம் திருப்பிவிடுவார்களாம்.
எவ்வளவு நாள் என்றேன்.
பத்து மாதம் என்றாள் ஆய்வகத்து நிஷிகிதா.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

புத்தாண்டு அன்றும் வந்து
அவற்றுக்கு இரை வைத்தவள் அவள்.
ஒரு தட்டில் பூஞ்சை ஏறியது.
ஒரு தட்டில் வேறு ஏதோ ஆகிவிட்டன,
என்னவென்று சொல்ல மறுத்துவிட்டாள்.
மிஞ்சியதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.
ஓரக்கண்ணால் பார்த்தேன்:
அறுகோணம் அறுகோணமாக,
சோயாச் சாறு சிந்திய நிறத்தில்,
ஒன்றோடொன்று தோள் ஒட்டி
இடைவெளியில்லாமல் நின்றன.
ஜல்லி பரப்பினால் இப்படிப் பரப்ப வேண்டும்.

வலக்கண்ணில் வைத்தார்கள்.
மரத்துப்போன கண்ணுக்குள்
கருவியின் நிழல் ஓரமாக நடந்து போனது,
சுத்தியலும் கையுமாகத்
தடம் பார்க்க வந்தவனைப் போல.
வழி விட்டுப் படுத்திருந்தேன்.

ஒரு வருடம் கழித்து அதே தாள்.
இடக்கண்ணில், ஒன்றும் வைக்காத கண்ணில்,
பாதித் தாளே இல்லை.
வலக்கண்ணில்
புள்ளி வரவில்லை. கோடுகள் நிமிரவில்லை.
"வளைவு கூடியிருக்கிறதா?"
அவசரப்படாமல் பார்த்தேன்.
இது எனக்குத் தெரிந்த வேலை.
"அதே வளைவு," என்றேன்.
"ஒன்றரை மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை."
மருத்துவரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது.
எந்த முகத்தோடு எழுதினாரோ,
முகம் நடுவில் இருந்தது.

ஊர் திரும்பும் வண்டி
ஏழாம் பாலத்தில் நிற்காமல் போனது.
பாதத்தில் தடதடப்பு சீராக இருந்தது.
த்சுயாகோ பக்கம் திரும்பி
காதைப் பார்த்தேன்.
தோட்டை மாற்றியிருந்தாள்.
எப்போது என்றேன்.
மூன்று வாரமாயிற்று என்றாள்.