அதற்கு முன்னால்

ஜனவரி வெக்கையிலும் முழுக்கைச் சட்டை.
டிப்போவில் ம்தோகோசிசி கேட்டான்,
மணிக்கட்டில் என்ன, தையல் போட்ட மாதிரி.
நாய், என்றேன்.

எங்கள் வீட்டில் நாய் இல்லை.
இருப்பது யுகேந்திரன். பதினேழு வயது,
என்னைவிட அரையடி உயரம்.

சமாதானம் சொன்னோம்.
சொல்லச் சொல்ல அடித்தான்.
கையைப் பிடித்தேன், பிடித்த கையைக் கடித்தான்.
கண்ணேறு என்றார் மச்சினர்.
செல்லம் என்றாள் அவர் மனைவி,
தேநீரைக் கடைசிவரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு.

சரோஷினிதான் நோட்டுப் போட்டாள்,
கடைக்கணக்கு எழுதும் நீள நோட்டு.
தேதி. நேரம். யாருக்கு, எங்கே பட்டது.
கடைசிப் பத்தியின் தலையில்
‘அதற்கு முன்னால்’ என்று எழுதிக் கோடிட்டாள்.
முதல் வாரம் அந்தப் பத்தி முழுக்க
ஒன்றுமில்லை
ஒன்றுமில்லை
ஒன்றுமில்லை.
என் கையெழுத்துத்தான்.

அவள் எழுதியது வேறு:
கரண்ட் போய்ப் பத்து நிமிடம்.
கரண்ட் போய்ப் பன்னிரண்டு நிமிடம்.

ஒரு ராத்திரி, சாட்ஸ்வர்த் மேடெல்லாம் இருட்டு.
காதைப் பொத்திக்கொண்டு நடக்கிறான்
கூடத்துக்கும் அடுக்களைக்கும், மறுபடி கூடத்துக்கும்.
நான் பேச்சை நிறுத்தினேன். அப்போதுதான் கேட்டது.
இன்வெர்ட்டர்.
அரை நிமிடத்துக்கு ஒரு கீச்.
இருட்டில் அவன் பயந்துவிடக் கூடாதென்று
கடன் வாங்கி நான் மாட்டியது.
எங்களுக்கு அது சுவரோடு சுவராகி ஒரு வருடம்.
அவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஊசி.

பஸ் வாசலில் திரும்பும்போதே
எந்த பேரிங் போயிற்று என்று சொல்பவன் நான்.

ஒற்றை வயர். இரண்டு நிமிட வேலை.

அதோடு முடிந்துவிடவில்லை.
செவ்வாயன்று சரோஷினிக்குத் தோளில் அடி.
அதற்கு முன்னால்: தெரியவில்லை.
‘தெரியவில்லை’ என்றுதான் எழுதினேன்.
கதவை மறிக்காமல், கிட்டே போகாமல்
தரையில் உட்கார்ந்தேன்,
கைகளை மடியில் விரித்து வைத்து.
நாற்பது நிமிடம், ஒரு வார்த்தை இல்லை.
வெளியே மழை ஓய்ந்து மைனாக்கள் கத்தின.
பிறகு வந்தான்.
என் சட்டைக்கைப் பொத்தானைத் திருகினான்,
திருகினான்,
அறுந்து வந்ததும் அதை வாங்கிக்கொண்டு
தன் அறைக்குப் போனான்.

மறுநாள் டிப்போவில் சட்டைக்கையை மடித்துவிட்டேன்.
மறுபடி நாயா, என்றான் ம்தோகோசிசி.
என் மகன், என்றேன்.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.