குறிப்பு எண்

கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் படத்துக்குக் கீழே மூன்று வரி:
திருஷா படையாச்சி.
மாணவப் பயிற்சியாளர், குடிநீர்ப் பிரிவு.
நவம்பர் முப்பது வரை செல்லும்.
பால் பாக்கெட்டைப் போல
எனக்கும் ஒரு கெடு தேதி.

டர்பன், மூன்றாவது மாடி.
ஒரு கை உடைந்த நாற்காலி எனக்கு.
போன வருடப் பயிற்சிப் பையன்
மேசை இழுப்பறையில் விட்டுப் போயிருந்தான்
ஒற்றைக் காலுறையும்
நிரப்பாத வேலை விண்ணப்பம் ஒன்றும்.

சிபோங்கிலே சொல்லித் தந்தாள்:
பெயர் கேள்.
தெரு கேள்.
எத்தனை நாளாய் என்று கேள்.
குறிப்பு எண் கொடு.
மன்னிக்கவும் என்று ஒருமுறை சொல்;
இரண்டாம் முறை சொன்னால்
குழாயை மூடியதே நீதான் என்பார்கள்.

பொது நிர்வாகத் தேர்வில்
மக்கள் சேவைக் கோட்பாடுகள் எட்டையும்
வரிசை பிசகாமல் எழுதியவள் நான்,
எழுபத்தெட்டு மதிப்பெண்.
தொலைபேசியில் கேட்பது ஒன்பதாவது:
காலி வாளி
சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம்.

பள்ளியில் ஐந்து வருடம் படித்த ஸூலு
இந்த மேசையில் இரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது.
அமான்ஸி என்றால் தண்ணீர்.
லுத்தோ என்றால் ஒன்றுமில்லை.
இனாண்டாவிலிருந்து பேசும் பெண்ணுக்கு
அதற்கு மேல் சொல்லவும் எதுவும் இல்லை.

டொங்காட்டிலிருந்து ஒருவர்:
"எண் வேண்டாம் தாயே.
ஏழு எண் ஏற்கெனவே கையில் இருக்கு.
எண்ணையா குடிக்கச் சொல்றீங்க?"
எட்டாவதைக் கொடுத்தேன்.
எழுதிக்கொண்டார், பாவம்,
பேனா தேடும் நேரம் வரை
என்னைக் காத்திருக்கச் சொல்லி.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை
கோவெண்டர் என் பக்கம் நாற்காலியை இழுத்தார்.
மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில்
திறந்த புகார்கள் ஐம்பதைத் தாண்டக் கூடாது.
"எல்லாவற்றையும் தேர்ந்தெடு. இதோ இந்தப் பொத்தான்."
தீர்க்கப்பட்டது.
நூற்று நாற்பத்து மூன்று வரிகள்
ஒரே நொடியில் பச்சையாயின,
மழை பெய்த மறுநாள் போல.
"கெட்டிக்காரி" என்றார்.
எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.
அதை மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை, வெருலம்.
அரை வாளித் தண்ணீரில் அம்மா
என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்,
திங்கட்கிழமை அலுவலகத்துக்கு.
முதலில் காலர், பிறகு கைமடிப்பு,
அந்தத் தண்ணீரே பிறகு கழிவறைக்கு.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே
மின்கட்டண ரசீதின் ஓரத்தில்
அவள் கையெழுத்தில் ஒன்பது இலக்கங்கள்.

எப்போது கூப்பிட்டாய்?
"செவ்வாய்க்கிழமை. நாற்பது நிமிஷம்
பாட்டுப் போட்டுக் காக்க வைச்சாங்க.
அப்புறம் ஒரு பொண்ணு எடுத்தா. நல்லாப் பேசினா."
என்கிட்ட ஏன் சொல்லல?
சோப்பு நுரையை வழித்துவிட்டுச் சொன்னாள்:
"நீ வேலையில இருந்தியே."

ஒன்பது இலக்கங்கள்.
அவற்றையும் பச்சையாக்கியது
இந்த விரல்தான்.

திங்கள், ஆறே முக்கால்.
காவலாளி அட்டையைப் பார்த்தார்,
மணியைப் பார்த்தார், விட்டுவிட்டார்.
மூட ஒரே பொத்தான் இருந்தது.
திறக்க அப்படி ஒன்று இல்லை;
ஒவ்வொன்றாகத்தான் திறக்க வேண்டும்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியில் காரணம் எழுதி.
தண்ணீர் வரவில்லை.
தண்ணீர் வரவில்லை.
நகலெடுத்து ஒட்டியிருக்கலாம்.
ஏனோ ஒவ்வொரு முறையும் தட்டச்சினேன்.

நாற்பத்தோராவது வரியில்
பின்னால் பெப்பர்மின்ட் வாசம்.
கோவெண்டர்.
கையில் காப்பி, தோளில் பை இன்னும் இறக்காமல்.
திரையைப் படித்தார்.
என் அட்டையையும் படித்தார், கடைசி வரி வரைக்கும்.
"இதற்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியுமா?"
தெரியும் என்றேன். தெரியாது.
அவர் போகவில்லை. உட்காரவும் இல்லை.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.
நாற்பத்திரண்டைத் திறந்தேன்.

அம்மா தொண்ணூற்றேழில் இருக்கிறாள்.
வரிசையில்தான் வருவாள்.