கழித்தல்

மூன்று மணிக்கே மூடுபனி
பெட்ஃபோர்டை விழுங்கிவிட்டது.
பல்லின் நிறம் பார்க்கப் பகல்வெளிச்சம் வேண்டும்,
டியூப்லைட் பொய் சொல்லும் என்றேன்.
வாயைத் திறந்தபடியே தலையாட்டினார் பெள்ளி.
குன்னூர் ஏலத்துக்குத் தேயிலை ருசிப்பவர்;
அவர் தொழிலும் வடக்கு ஜன்னலோடுதான்.

காத்திருந்தோம்.

பனி விலகிய நாலு நிமிஷத்தில்
நிறச்சட்டத்தை உதட்டருகே பிடித்தேன்.
"வெளுப்பு வேண்டாம் டாக்டர்.
முப்பது வருஷ டிகாக்ஷன், அதற்குப் பொருந்தட்டும்."

பழைய வெள்ளி அடைப்பு பெயர்ந்து வந்தது.
படுகு மொழியில் அவர் பெயருக்கும் அதுதான் பொருள்.
புதுப் பசையின் நானோ மணிகளைப் பற்றிக் கேட்டார்.
உங்கள் டஸ்ட் தூள் ஒன்றின் குறுக்கே
பத்தாயிரம் வரிசையாய் நிற்கும்.
"அப்படியா? அதற்கு என்ன கிரேடு?"
நீல விளக்கு. இருபது விநாடி.

மறுமாதம் வந்தார். வலி இல்லை,
கணக்குதான் தப்புகிறதாம்.
"ஒவ்வொரு கோப்பையிலும் துளி உலோகத்தை
நாக்கு கழித்துக்கொண்டே இருந்திருக்கிறது,
என்னிடம் சொல்லாமல்.
இப்போது கழிக்க ஒன்றுமில்லை,
ஆனாலும் கழிக்கிறது.
கீழ்க்கோத்தகிரிச் சரக்குக்குக்
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துப் போட்டுவிட்டேன்."

கண்ணாடியை உள்ளே விட்டுத் தேடினேன்.
எது பல், எது நான் வைத்தது?
ஊசிமுனைக்கும் விளிம்பு அகப்படவில்லை.
இதற்கு முன் இவ்வளவு நன்றாக
ஒரு பல்லை நான் அடைத்ததில்லை.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது?
"துப்புங்கள்" என்றேன்.
தொழில்காரர்;
பேசினுக்கு நடுவில், ஒரே கோடாக.