எழுவாய்

மாணவர் அட்டையில் குடும்பப் பெயருக்கு
ஒரே ஒரு கட்டம்.
யூகாய் அதில் நுழையவில்லை.
"யூ போதும்" என்றாள் விடுதி அலுவலகப் பெண்,
நகம் வெட்டுகிற சுளுவில்.

குவாங்ஜுவில் ஆறு வாரம்.
துவைத்த துணி காயாத ஜூலை.
அறையில் இன்னொரு கட்டில் இட்செல் கிம்முக்கு,
மெக்சிகோவில் மெரிடாக்காரி.
எங்களுக்கு ஒரே பாடநூல், ஏறக்குறைய ஒரே முகம்.
இருவருக்கும் சரியாக வராத ஆங்கிலத்தில்
"திரும்பி வந்தது எப்படி இருக்கிறது?" என்று
ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.
வந்தே இராத இடத்துக்குத் திரும்புவது எப்படி?
சிரித்துச் சிரித்து மேல்மாடியிலிருந்து தட்டினார்கள்.

மதியம் உணவகத்தில் குக்சி கேட்டேன்.
பரிமாறுகிறவர் காதைச் சாய்த்தார்.
மறுபடி கேட்டேன்.
வரிசையில் பின்னால் நின்றவன் திருத்தினான்: குக்சு.
ஓர் இகரம் உகரமாக வேண்டும், அவ்வளவுதான்.
அந்த இகரத்தோடுதான் எங்கள் வீட்டில்
பிறந்தநாளுக்கும் இழவுக்கும்
வெங்காயம் விற்றுத் தீர்ந்த ராத்திரிக்கும்
நூல்நூலாய்க் குளிர்ந்த கிண்ணம் வரும்.
உகரத்தோடு தின்றேன்.
உப்பு குறைவு.

கேரட் ஊறல் எங்கே என்று கேட்டது என் தப்பு.
உஷ்தோபே சந்தையில் அதன் பெயரே கொரியக் கேரட்.
கசாக்கும் ரஷ்யரும் கிலோக் கணக்கில் வாங்குவார்கள்,
எங்களுக்கு அடையாளமே அதுதான்.
இங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.
நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு
நாட்டுக்கே தெரியாமல் ஒரு பண்டம்.
எனக்குத் துணை கிடைத்தது.

நூலகத்தில் பகுதிநேரமாய்ப் புத்தகம் அடுக்குகிற
தோ சங்-ஹ்வா இலக்கணம் படிக்கிறவன்.
கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து
காப்பி ரசீதின் பின்புறம் பிரித்து எழுதினான்:
யூ, பெயர்.
கா, குடி.
கடைசி இ, எழுவாய்க்குச் சேர்கிற உருபு.

"இது பெயரே இல்லை" என்றான்.
"ஒரு வாக்கியத்தின் தொடக்கம்."

சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.
நான் நின்ற இடத்தில் பனி பெய்தது.
துமென் ஆற்றுக்கு அக்கரை. மேசை. மை உறைந்த புட்டி.
யார் என்று கேட்கிறான் ரஷ்ய எழுத்தன்.
யூ குடியைச் சேர்ந்த நான், என்று
வாயெடுக்கிறார் ஒருவர்.
அதற்குள் எழுதியாகிவிட்டது.
அடுத்த ஆள்.

அவர் சொல்லவந்த மிச்சம்,
பசிக்கிறது என்றோ
நிலம் வேண்டும் என்றோ
வசந்தம் வந்ததும் போய்விடுவேன், பயப்படாதீர்கள் என்றோ,
எந்தக் காகிதத்திலும் இல்லை.
எழுவாய் மட்டும் வந்துகொண்டே இருந்தது,
முப்பத்தேழில் சரக்கு ரயிலின் ஆள்பட்டியலில்,
கூட்டுப்பண்ணைப் பேரேட்டில்,
உப்புப் பூத்த மண்ணில் நட்ட கல்லறைத் தகடுகளில்,
என் ஒன்றாம் வகுப்பு நோட்டில்.
பயனிலை வரவில்லை.

ராத்திரி அப்பா கூப்பிட்டார். வயல் காற்று போனில் இரைந்தது.
"நம்மள மாதிரிதான் பேசறாங்களா?"
"இல்லப்பா. இவங்க வாக்கியத்த முடிக்கறாங்க."
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு, அங்கே வெங்காயம் கிலோ என்ன விலை என்றார்.
சொன்னேன். நம்பவில்லை.

கடைசி வாரம் விடுதிச் சமையலறையில்
இரண்டு கிலோ கேரட் துருவினேன்.
கொத்தமல்லி விதை, பூண்டு, காடி, சுடச்சுட எண்ணெய்.
இட்செல் விரலால் அள்ளித் தின்றாள்.
கூட்ட வந்த அம்மாள் ஒரு வாய் ருசித்துவிட்டு
"எந்த நாட்டுச் சாப்பாடு?" என்றார்.
வாய் நிறைய இருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

மறுநாள் தேர்வு. உங்கள் பெயரை வைத்து
ஒரு முழு வாக்கியம் எழுதுக.
யூகாய் என்று எழுதி
அதன் வாலிலேயே எழுவாய் உருபை இன்னொரு தரம் ஒட்டினேன்,
உருபின் மேல் உருபு.
பேனாவைக் கடித்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
யூகாய் கேரட் துருவுகிறாள்.

தாள் திருத்தி வந்தது.
வாக்கியம் சரியாம்.
பெயரில் பிழை என்று
அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.