ரசீதுப் புத்தகம்

புவனோஸ் ஐரிஸை ஒட்டிய அவெஜனேடாவில்
பூட்டுக்கடை வைத்திருக்கும் ஒஸ்மாரின்
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் போதும்,
நாடு எப்படி மூழ்கியதென்று
படித்தவர்களைக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு பெசோவும் ஒரு டாலரும் ஒன்றென்று
சட்டம் போட்ட புதிதில்
பக்கத்துக்குப் பக்கம் புதுக் கதவுகள்.
மியாமிக்கு விடுமுறை போகிறவர்கள்
இரட்டைத் தாழ் கேட்டார்கள்.
அவரும் வாங்கினார், தவணையில்
ஓர் இறக்குமதி ஃபிரிட்ஜ், பாதி விலை.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஃபிரிட்ஜ் தொழிற்சாலை
அந்த மாதம்தான் இரண்டாம் ஷிஃப்டை நிறுத்தியது.
இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க
அவருக்குத் தோன்றவில்லை.
யாருக்குத்தான் தோன்றியது?

பிறகு வரிசையாக ஒரே வேலை:
‘காலி செய்த வீடு. பூட்டு மாற்றம்.’
‘காலி செய்த கடை. பூட்டு மாற்றம்.’
வட்டி கட்டக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி என்று
அரசாங்கம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்
அவர் கை ஓயவேயில்லை.
“இழவு வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் மாதிரி
ஆகிவிட்டேன், நெலிதா.”

டிசம்பரில் வங்கியே பூட்டிக்கொண்டது.
வாரத்துக்கு இருநூற்றைம்பது. அதற்குமேல் கிடையாது.
முப்பத்தொரு வருடம் சாவி வெட்டிய காசு
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த மனுஷன்
அந்தக் கதவின் முன்னால்
கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டு நின்றார்.
நெலிதா பால் காய்ச்சும் சட்டி.
இன்னும் நெளிந்தே இருக்கிறது.

ஃபாபியான் வலென்சியாவுக்கு விமானம் ஏறினான்.
தன் அறைச் சாவியை எடுத்துப்போயிருக்கிறான்,
மறந்தோ என்னவோ.

தொகை எழுதும் கட்டத்தில் இப்போது
முட்டை ஆறு.
மாவு ஒரு கிலோ.
பல் பிடுங்கியது ஒன்று.

மார்ச்சில் நான்கு பெண்கள் வந்தார்கள்.
முன்னால் நின்றவள் பெயர் இருப்பே.
குவரானி மொழியில் அல்லி என்று அர்த்தமாம்.
பதினோரு மாதச் சம்பளம் பாக்கி.
“முதலாளி போய்விட்டார்.
மெஷின் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.
கேட்டைத் திறந்து தருவீர்களா?”

ரயில் பாதையைத் தாண்டி நடந்தார்கள்.
தெருமுனையில் விளக்கணைத்த போலீஸ் வண்டி.
கேட்டில் தொங்கிய பூட்டைக்
கையில் ஏந்தியதுமே தெரிந்துவிட்டது அவருக்கு.
நல்ல பூட்டு.
நாற்பது நிமிடம் மல்லுக்கு நின்றது.

அன்றைய ரசீதில் தொகை இல்லை.
வேலை என்ற இடத்தில் மட்டும்
சாய்வான எழுத்தில் ஒரு வரி:
‘உடைத்தேன். போட்டவனும் நான்தான்.’